உங்கள் போனில் நான் போட்ட ஓட்டு

நான் உங்கள் ஓட்டைத் திருடினேன்.

பூசி மெழுகாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளே பிலோமினா, அவள்தான் நான். பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றின்போது நீங்கள் நம்பி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன போன்களை எடுத்து, நம் ஊர்ப் பெண் ஸ்டெல்லாவுக்குப் போட வேண்டிய ஓட்டுகளை அவளை எதிர்த்து நின்ற பெண்ணுக்குப் போட்டேன்.

அப்பாடா! சொல்லிவிட்டேன்.

ஓட்டு என்றதும் தேர்தலை நினைத்துப் பதற வேண்டாம். அவ்வளவு துணிச்சல் எனக்குக் கிடையாது. சனி, ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் வருமே, அந்தப் பாட்டுப் போட்டிக்கான ஓட்டுதான். இதற்குத்தானா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் நின்றவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வராது.

ஸ்டெல்லா என் கணவரின் தங்கை லூர்து மேரியின் மகள். வரதராஜன்பேட்டைக் கோவில் பாடகர் குழுவில் பாடிப் பாடி வளர்ந்தவள். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். முதல் தேர்வுக்கு அனுப்ப வேண்டிய வீடியோவை என் கடையின் பின்னறையில்தான் எடுத்தோம். இரைச்சல் கேட்கக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டு அதை எடுத்தது யார்? நான். அனுப்பியது யார்? நான். பிற்பாடு ஊரில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

பாருங்கள், இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கோபத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எனக்குப் பாட வராது. கோவிலில் நான் வாயைத் திறந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் காது உண்டு. எந்த வரியில் யார் தடுமாறுகிறார்கள், யார் மூச்சு போதாமல் வார்த்தையை விழுங்குகிறார்கள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன் இந்தப் போட்டிகளை! நடுவர்கள் மதிப்பெண் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். நடுவர்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்று என் மனத்துக்குள் எனக்கும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா போட்டிக்குள் நுழைந்ததும் நான் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். 'நம்ம ஊர்க் குரல்' என்று பெயர். பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டியில் கணக்கு எழுதும் பிரபாகரன் என்கிற தம்பி எனக்கு வலது கை. ஒவ்வொரு வாரமும் பாட்டுகளை வெட்டி, ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புவான். சண்டை தூள் பறக்கும்!

என்னென்ன சண்டை என்கிறீர்கள்? ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஏன் கடினமான பாட்டு? அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் பின்னால் இத்தனை வயலின்? இராமநாதபுரத்துப் பெண்ணின் வீட்டுக் கூரை ஒழுகுவதை இன்னும் எத்தனை வாரம் காட்டுவார்கள், எங்கள் பெண்ணின் அப்பா தூசியில் இருமுவதை ஏன் ஒரு தடவைகூடக் காட்டவில்லை? கண்ணாடி போட்ட பெண் நடுவர், நாங்கள் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவோம், அவர் ஏன் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை?

எல்லாவற்றிலும் நான்தான் முன்னால் நிற்பேன். நியாயம், நியாயம் என்று வாய் கிழியப் பேசுவேன். "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்று பிரபாகரன் முடிப்பான். ஆகா, அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது!

ஸ்டெல்லா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். பேருந்து நிலையத்தில் ஆளுயரப் பதாகை வைத்தார்கள். அதன் கீழே, 'ஓட்டுப் போட வேண்டுமா? பிலோமினா ஜெராக்ஸ் வாருங்கள்' என்று என் கடைப் பெயரும் இருந்தது.

குடும்பத்தினர் சென்னைக்கு வந்து அரங்கில் உட்கார்ந்து பார்க்க மூன்று அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். லூர்து, அவள் கணவர்... மூன்றாவது யார்? நான்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ஊதா நிறப் பட்டுப்புடவைக்கு ஜாக்கெட்டும் தைத்து வாங்கிவிட்டேன்.

லூர்து தன் ஓரகத்தியை அழைத்துக்கொண்டு போனாள். போட்டியில் ஒரு வாரம்கூட உட்கார்ந்து பார்க்காத ஓரகத்தி!

ரயில் நிலையத்துக்குச் சாப்பாட்டுப் பை தூக்கிக்கொண்டு போனவள் நான். லூர்து சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க இங்க இருந்தாத்தான் நாலு ஓட்டு வுழும். ஒங்கள நம்பித்தான் போறோம்."

"அதுக்கென்ன, போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். ரயில் நகர்ந்ததும் நடைமேடையிலேயே ஒரு டீ வாங்கினேன், பாதியைக் கீழே கொட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மாலை இறுதிச் சுற்று ஒளிபரப்பானது. நடுவர் மதிப்பெண் பாதி, மக்கள் ஓட்டு பாதி. ஞாயிறு பகல்வரை செயலியில் ஓட்டுப் போடலாம், மாலையில் முடிவு.

ஸ்டெல்லா பாடினாள். பல்லவி சுத்தம். சரணத்தில் மேலே போனாள் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது! கோபமெல்லாம் அந்த நொடி போய்விட்டது. ஆனால் அங்கிருந்து இறங்கும்போது... நழுவினாள். ஒரே ஒரு வரி. சுருதியைவிட்டுக் கொஞ்சம் கீழே போய், தடவித் தடவித் திரும்பி வந்தாள். அரங்கத்தில் கைதட்டல். எங்கள் குழுவில் பட்டாசுப் படங்களும் நெருப்புப் படங்களும் கொட்டின.

கண்ணாடியம்மா மட்டும் சொன்னார். "மேல போனது ரொம்ப அழகு. எறங்குறப்ப கொஞ்சம் வுட்டுட்டம்மா." மற்றவர்களைவிட ஒரு மதிப்பெண் குறைத்தும் போட்டார். ஸ்டெல்லா சிரித்தபடி கைகூப்பிவிட்டுப் போனாள்.

குழுவில் அந்த அம்மாவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இந்த வஞ்சகத்தை அரியலூர் மறக்காது.' எழுதிய கைக்குத் தெரியும், அந்த அம்மா சொன்னது சரி என்று. என் காதும் அதே இடத்தில்தான் சுளித்தது!

அடுத்து அந்த இராமநாதபுரத்துப் பெண் முத்துச்செல்வி பாடினாள். அலங்காரம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று பாடி முடித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. கூரை ஒழுகுவதைக் கேலி செய்த நான் என்னை அறியாமல் கைதட்டினேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். வாசலில் கூட்டம்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரேஷன் அட்டையா, ஆதார் திருத்தமா, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பமா... போனை என் மேசையில் வைப்பீர்கள். "ஓ.டி.பி. வரும், நீயே பாத்துக்க" என்பீர்கள். டீ குடிக்கவோ காய் வாங்கவோ போய்விடுவீர்கள். பூட்டுப் போட்ட போன் என்றால் அதைத் திறக்கும் வழியையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவீர்கள். ஒருநாளும் நான் அதில் தப்புத் தண்டா செய்ததில்லை. உங்கள் படங்களைத் திறந்து பார்த்ததில்லை, குறுஞ்செய்தி படித்ததில்லை. கோவிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அந்த ஒரு காலை தவிர.

கடைக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கும் தனம் அக்கா முதலில் வந்தார். திருப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த போன். இந்த ஓட்டுக்காகவே அதற்கு நெட் போடச் சொன்னார்.

"நம்ம புள்ளைக்கிப் போட்டுரு பிலோமினா. எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது? நான் போயி யாவாரத்தப் பாக்குறேன்."

மேசை நிறையப் போன்கள் சேர்ந்துவிட்டன. முதலில் என் சொந்தப் போனை எடுத்தேன். செயலியைத் திறந்தேன். இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. விரல் கொஞ்ச நேரம் நடுவில் நின்றது. முத்துச்செல்வியை அமுக்கினேன்.

அது என் ஓட்டு. அதில் தவறில்லை. நன்றாகப் பாடியவளுக்குப் போட்டேன், அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்து தனம் அக்காவின் போன். எண்ணைப் போட்டேன், ஓ.டி.பி. வந்தது, போட்டேன். மறுபடியும் அதே இரண்டு முகங்கள். என் விரல் முத்துச்செல்விமேல் போயிற்று!

தவறி அமுக்கினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. தெரிந்தே அமுக்கினேன். அப்புறம் அடுத்த போன். அப்புறம் அடுத்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நடுவிலேயே பயந்து நிறுத்தியிருப்பேன். சிலவற்றில் ஸ்டெல்லாவுக்கும் போட்டேன், யார் யாருடையவை என்பது இப்போது நினைவில்லை. வாசலில் நின்றவர்கள் "வுழுதா, வுழுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "வுழுது, வுழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஏன் செய்தேன்?

நன்றாகப் பாடியவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான். இது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த ஊதா ஜாக்கெட். லூர்துவின் ஓரகத்தி அரங்கத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதை சனிக்கிழமை தொலைக்காட்சியில் காட்டினார்களே... அப்போது என் வயிறு எரிந்தது. எந்தப் பாதி என் விரலைத் தள்ளியது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடுவர்களின் மனத்துக்குள் புகுந்து பார்த்ததுபோல் அத்தனை எழுதினேனே, என் மனத்தை என்னால் பார்க்க முடியவில்லை!

மாலையில் முடிவு வந்தது. முத்துச்செல்வி முதலிடம். ஸ்டெல்லா இரண்டாமிடம்.

நான் போட்ட ஓட்டுகளால்தான் தோற்றாளா? தெரியாது. தமிழ்நாடு முழுவதும் ஓட்டுப் போட்டிருக்கும்போது என் மேசையிலிருந்த போன்கள் எம்மாத்திரம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் ஒரு வாய்ச் சோறு இறங்கும்வரைகூட நிற்பதில்லை.

ஊர் கொதித்தது. குழுவில் பிரபாகரன் குரல் செய்தி அனுப்பினான்.

"அக்கா, ஒங்க கடையில மட்டும் எத்தன பேரு வந்து போட்டாங்க? பெரம்பலூர்ல நான் எத்தன பேர புடிச்சுப் போட வச்சேன்? அதெல்லாம் எங்கக்கா போச்சு? யாரோ நடுவுல பூந்து மாத்திட்டாங்க. நான் அடிச்சுச் சொல்றேன்!"

அவனும் சரியாகத்தான் சொன்னான். நான் என்ன செய்தேன்? உண்மை வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். பயத்தில் எல்லாரையும்விடப் பெரிய குரலில் கத்தினேன். நடுவர்கள் ஓரவஞ்சனை, முடிவு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது, நம் ஊர் என்பதால் மிதித்துவிட்டார்கள், கண்ணாடியம்மாவுக்கு மனசாட்சி இருக்கிறதா... நீள நீளமாக எழுதினேன். மனசாட்சி! அந்த வார்த்தையை எழுத எனக்குக் கூசவில்லை.

நீங்கள் அதையெல்லாம் படித்தீர்கள். மற்றவர்களுக்கும் அனுப்பினீர்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா கேட்ட பிலோமினா" என்றீர்கள்.

ஸ்டெல்லா ஊருக்குத் திரும்பினாள். ரயில் நிலையத்தில் மாலை போட்டோம். பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "ஒன்ன ஏமாத்திட்டாங்கம்மா." அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அவள் பாட்டை நிறுத்திவிட்டாள் என்பது. கோவிலில் பாடுவதில்லை. வருடம் தவறாமல் ஏலாக்குறிச்சித் திருவிழாவில் பாடுகிறவள், அந்த வருடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் வேலை செய்யும்போது முணுமுணுப்பாளே, அதுகூட இல்லையாம். லூர்து என் கடையில் உட்கார்ந்து அழுதாள்.

"மியூசிக் காலேஜ் செலக்சன் வருது அண்ணி. போ மாட்டேங்குறா. அங்கயும் நாலு பேரு ஒக்காந்து முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருப்பாங்க, நான் எதுக்குப் போயிப் பாடணும்ங்குறா. நீங்க சொன்னா கேப்பா, செத்த சொல்லுங்க."

முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருப்பாங்க. அது நான் எழுதியதுதானே? அப்படியே என் வாக்கியம்! அவள் வாயிலிருந்து அவள் அம்மா வாய்க்கு வந்து, திரும்ப என் கடைக்கே வந்துவிட்டது.

இதுவரை நான் பயந்தது எனக்காக. அன்றுதான் அவளுக்காகப் பயந்தேன். நான் வாய் திறக்காவிட்டால் இந்தப் பெண் இனிப் பாடப் போவதில்லை. திறந்தால் என் முகத்தில் விழிக்கப் போவதில்லை.

ஒரு பிற்பகல் ஸ்டெல்லாவே கடைக்கு வந்தாள். பி.காம். படிக்க விண்ணப்பம் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். மின்சாரம் இல்லை. ஜெராக்ஸ் இயந்திரம், மின்விசிறி எல்லாம் நின்றுபோய், கடை அமைதியாக இருந்தது. "கரண்டு வரட்டும் அத்தை, இருக்கேன்" என்று உட்கார்ந்தாள். இதைவிட்டால் எனக்கு வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். போன்கள், ஓட்டுகள், ஊதா ஜாக்கெட்... எல்லாம்.

அவள் திட்டவில்லை. அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எங்க தப்பாப் பாடுனேன் அத்தை? எந்த எடத்துல?"

"சரணத்துல. மேல போயிட்டு எறங்குன பாரு, அந்த வரியில."

"கண்ணாடி மேடம் சொன்ன எடமா?"

"அதே எடம்தான். அவங்க சொன்னது சரி. நான் எழுதுனதெல்லாம் பொய்யி."

ஸ்டெல்லா அப்புறம் சொன்னதை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தை. பாடிக்கிட்டு இருக்கறப்பவே தெரிஞ்சுது. ஊருக்கு வந்தா எல்லாரும் சுத்தமாப் பாடுன, சுத்தமாப் பாடுன, ஏமாத்திட்டாங்கன்னு சொல்றீங்க. நீங்களும் அதையே சொல்றீங்க. ஒங்களுக்குத்தான் காது நல்லா இருக்கும்னு நெனச்சேன். அப்ப எனக்குத்தான் காது போயிருச்சோன்னு பயந்துட்டேன். நழுவுதா இல்லையான்னே தெரியாம எப்படிப் பாடுறது?"

அம்மாவிடம் அவள் சொன்னது வெறும் சாக்கு. நடுவர்களை நம்பாமல் அவள் பாட்டை நிறுத்தவில்லை. தன் காதை நம்ப முடியாமல் நிறுத்தியிருக்கிறாள்! ஒருத்தராவது உண்மையைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறாள். எல்லாம் தெரிந்த நான் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தேன்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். கையைப் பிடிக்கப் போனேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான்.

"ஒங்க போன்ல போட்டது ஒங்க ஓட்டு. நல்லாப் பாடுனவளுக்குப் போட்டீங்க. அதுக்கு நான் கோவப்பட முடியாது. மத்தது என் ஓட்டு இல்ல அத்தை, அவங்க ஓட்டு. அத நான் எப்படி மன்னிக்கறது? அவங்ககிட்ட சொல்லுங்க."

மின்சாரம் வரும்வரை அவள் இருக்கவில்லை. விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் காற்றில் உட்கார்ந்து நான் நன்றாக அழுதேன். துக்கத்தில் இல்லை. மூச்சு விட முடிந்ததே, அந்த நிம்மதியில்!

அந்த வாரமே வரதராஜன்பேட்டைக் கோவிலில் ஸ்டெல்லா பாடினாள் என்று லூர்து ஓடி வந்து சொன்னாள். கல்லூரித் தேர்வுக்கும் போனாள். இடம் கிடைத்து இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "நீங்க என்னமோ சொல்லித்தான் மனசு மாறிட்டா அண்ணி" என்று லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். மகள் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. எனக்கும் அவள் போன் செய்வதில்லை. விடுமுறைக்கு வந்தால் "நல்லாருக்கீங்களா அத்தை" என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் நேரே உள்ளே வந்து மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்ப்பாள்.

குழுவில் எழுதினேன். 'கண்ணாடியம்மா சொன்னது சரி. ஸ்டெல்லா அந்த வரியில் நழுவினாள். அந்த அம்மாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் தப்பு.' இவ்வளவுதான். ஓட்டைப் பற்றி எழுத அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

பிரபாகரன் உடனே கூப்பிட்டான். "அக்கா, ஒங்க போன யாராச்சும் எடுத்து எழுதுறாங்களா?"

சிரிப்பதா அழுவதா! "இல்ல தம்பி, நான்தான் எழுதுனேன்" என்றேன். "எதிர் டீம்காரங்க ஒங்கள வளச்சுட்டாங்களாக்கா?" என்றான். நான் ஆரம்பித்த குழுவிலிருந்து சாயங்காலத்துக்குள் என்னையே நீக்கிவிட்டார்கள். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் ஸ்டெல்லா சொன்னது மட்டும் அப்படியே இருந்தது. அவங்ககிட்ட சொல்லுங்க.

இப்போது புதிய போட்டி ஆரம்பித்திருக்கிறது. நம் பக்கத்து ஆள் யாரும் இல்லை. ஆனாலும் போன வாரம் தனம் அக்கா போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இந்த வருசமும் ஓட்டு இருக்காமே. யாரு நல்லாப் பாடுறாங்கன்னு ஒனக்குத்தான் தெரியும். நீயே பாத்துப் போட்டுரு."

போன் என் முன்னால் கிடந்தது. நீயே பாத்துப் போட்டுரு என்று அவரே சொல்லிவிட்டாரே! இதைவிட வேறு என்ன வேண்டும்? பழைய கதையைக் கிளறாமல் விட்டுவிடலாமே என்று மனம் கெஞ்சியது. நான் போனைத் தொடவில்லை.

"அக்கா, ஒக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஸ்டெல்லாவிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. ஸ்டெல்லாவுக்குக் குறைந்தபட்சம் என் காதின்மேல் மரியாதை இருந்தது. தனம் அக்காவுக்கு என்மேல் இருந்தது வெறும் நம்பிக்கை.

கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் தன் பழக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரோ வாழைப்பழம் விலை கேட்டுக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

"அப்ப என் ஓட்டு அந்தப் பொண்ணுக்கா வுழுந்துச்சு?"

"ஆமாக்கா."

"அது பாடுனத நான் கேக்கவே இல்லியே. எடு, கேப்போம்."

என் போனில் முத்துச்செல்வியின் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். காதருகே வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பேருந்துச் சத்தத்தில் கேட்காதபோது இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். முடிந்ததும் போனை மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் பாடுது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு நொடிதான்.

"ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல, பிலோமினா? எதுத்தாப்லதான ஒக்காந்திருந்தேன்."

தன் போனை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு சாலையைக் கடந்து போய்விட்டார்.

அவ்வளவுதான். கத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை. அதன்பிறகுதான் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்ல எனக்கு முகம் இல்லை. யார் யார் என்ற நினைவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் என் மேசைக்கு வந்ததா? அப்படியானால் இது உங்களிடம்தான் சொல்கிறேன். கடை திறந்துதான் இருக்கிறது. வந்து கேளுங்கள், திட்டுங்கள். லூர்து, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். சாப்பாட்டுப் பை தூக்கிக்கொண்டு வந்து உன்னிடம் சிரித்துப் பேசினேனே, அது பொய்ச் சிரிப்பு. இதையும் தெரிந்துகொள்.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. இறங்கினாலும் எங்கும் போய்விடவில்லை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று தனம் அக்கா கடைக்கு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு ஏதோ பதிவு செய்ய வேண்டும். எண்ணைத் தட்டினேன். ஓ.டி.பி. வந்து அவர் போனில் மணி அடித்தது. பழக்கத்தில் என் கை நீண்டது.

அவர் போனைத் தரவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "ஏழு... அப்பறம் ரெண்டா, மூணா... இரு, இரு, நானே பாக்குறேன்."

கையை மடக்கிக்கொண்டேன். அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.